செஞ்சியில் யார் யாரை முற்றுகையிட்டார்கள்?
முற்றுகைகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன், கோட்டைக்குள் இருப்பவர்கள் பட்டினி கிடந்து பணிவதுதான் முற்றுகை என்கிற மாதிரி அது போகிறது. செஞ்சியில் நடந்தது அப்படியா? 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் வந்து சுற்றி வளைத்தார், உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். மூன்று மலைகளையும் சேர்த்து வளைத்த கோட்டை அது, முழுசாக அடைக்க எந்தப் படையாலும் முடியாது. அந்த மலைகளில் ஒன்றான ராஜகிரி ஏறியவர்களுக்குத் தெரியும், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறையில் பெரிய பிளவு, அதன் மேல் சின்னதாக ஒரு பாலம், அதை எடுத்துவிட்டால் கீழே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் வேடிக்கைதான் பார்க்கணும். அப்புறம் 1692 கடைசியில் சந்தாஜி, தனாஜி என்ற மராட்டியத் தளபதிகள் வெளியிலிருந்து வந்து முகலாய முகாமுக்கு வரும் தானியத்தை மறித்துவிட, முற்றுகை போட்டவர்களே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்கள்! போதாக்குறைக்கு, கூடவே வந்த ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ் எதிரியோடு ரகசியப் பேச்சு நடத்தினான் என்று அவனையே சிறைப்பிடிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் முகலாயர்கள் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். பிறகு அவர்கள் திரும்பி வந்து, கோட்டை விழுந்தது 1698இல், அதற்குள் ராஜாராம் தப்பித்துப் போய்விட்டார். சுல்பிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று அப்போதே பேச்சு இருந்தது. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, எட்டு வருஷம் என்றால் சும்மாவா?