2002-இல் சொல்ஹெய்ம் அமைச்சர் இல்லை

எரிக் சொல்ஹெய்ம் நோர்வேயின் வெளியுறவு அமைச்சராக இருந்தபோதுதான் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான 2002 போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது என்று மேலே சிலர் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அவர் வெளியுறவு அமைச்சராக ஒருநாளும் இருந்ததில்லை.

1987 முதல் 1997 வரை சோசலிச இடதுசாரிக் கட்சியின் தலைவர், 2001 வரை நாடாளுமன்ற உறுப்பினர். ஒப்பந்தம் கையெழுத்தான பிப்ரவரி 2002-இல் அவர் இலங்கைச் சமாதான முயற்சிக்கான நோர்வேயின் சிறப்புத் தூதர் மட்டுமே, அப்போது அவருடைய கட்சி ஆட்சியிலேயே இல்லை. வெளியுறவு அமைச்சர் யான் பீட்டர்சன், எதிர் முகாமான வலதுசாரிக் கட்சியின் தலைவர். அரசு மாறியும் சொல்ஹெய்மையே அந்தப் பணியில் வைத்திருந்தார்கள் என்பதுதான் உண்மையில் கவனிக்க வேண்டிய விஷயம். அவர் முதன்முதலாக அமைச்சரானது 2005 அக்டோபரில், அதுவும் சர்வதேச வளர்ச்சித் துறைக்கு. எல்லாச் செய்தியிலும் அவர் முகமே வந்ததால் இந்தக் குழப்பம் வருவது இயல்புதான்.

சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். நோர்வே நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம் உண்டு, அவரது பெயரைத் தேடினால் வகித்த பதவிகள் ஆண்டுவாரியாக வரும். அப்புறம் ஒப்பந்தத்தின் மூலப் பிரதியையும் ஒருமுறை படியுங்கள்: இரு தரப்பும் சம்மதக் கடிதத்தை நோர்வே வெளியுறவு அமைச்சருக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கும், அந்த அமைச்சர் பீட்டர்சன். முடிந்தால் பதிவைத் திருத்திவிடுங்கள், நிறையப் பேர் பகிர்கிறார்கள்.