ஜிப்ஸி கிங்பின் ஆட்டம்: போல்ட்டை முறுக்கினால் தீராது

முன்சக்கரம் ஆடினால் கிங்பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணி) போல்ட்டை இன்னும் இறுக்கினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். மாருதி ஜிப்ஸியில் அப்படி இல்லைங்க. போல்ட் கிங்பின்னை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். கிங்பின் பேரிங்கின் இறுக்கம், கிங்பின்னுக்கும் நக்கிளுக்கும் இடையிலுள்ள ஷிம் என்ற மெல்லிய தகடுகளின் தடிமனைப் பொறுத்தது. மேலும் முறுக்கினால் மரைதான் போகும்.

நீங்களே பார்க்கலாம். ஜாக்கி வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பெரும்பாலும் கிங்பின். பிறகு டை ராடையும் (ஸ்டீயரிங் இழுப்பை நக்கிளுக்குக் கொண்டுவரும் தண்டு) நக்கிள் ஆயில் சீலையும் கழற்றிவிட்டு, ராடு மாட்டும் துளையில் சின்னக் கொக்கித் தராசை (கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் நிறுப்பதே போதும்) மாட்டி இழுங்கள். 1 முதல் 1.8 கிலோவுக்குள் நக்கிள் நகரத் தொடங்க வேண்டும். அதற்கும் குறைவென்றால் ஷிம்மைக் குறையுங்கள். ரேஸில் (பேரிங் உருளைகள் ஓடும் வளையம்) குழி விழுந்திருந்தால் ஷிம் உதவாது, பேரிங்கையே மாற்றணும்.