ஷேக்ஸ்பியரைப் புத்தகமாக நீட்டாதீர்கள், பார்ட்டாகப் பிரித்துக் கொடுங்கள்

இங்கிலாந்தில் இக்காலப் பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியர் என்றாலே கசப்பு என்று ஒரு பேச்சு ஓயாமல் ஓடுகிறது. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2000ஆம் ஆண்டு முதல் அங்கே பள்ளிகளுக்கான ஷேக்ஸ்பியர் விழா நடந்து வருகிறது. அரை மணி நேரத்துக்குச் சுருக்கிய நாடகத்தைப் பள்ளிக்கூட ஹாலை விட்டு வெளியே வந்து, தொழில்முறை அரங்கில் பிள்ளைகளே நடிக்கிறார்கள். இளைஞர் நாடக அமைப்பான நேஷனல் யூத் தியேட்டர் தொடங்கியதே 1956இல் மாணவர்கள் போட்ட 'ஐந்தாம் ஹென்றி'யில்தான். லண்டன் குளோப் அரங்கின் முற்றத்தில் 700 பேர் நிற்கலாம். மேலே கூரை கிடையாது. மழை கொட்டினாலும் குடை விரிக்கக் கூடாது. அங்கே கால்கடுக்க நிற்கும் மாணவர்களைப் பார்த்துவிட்டு ஆர்வமில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆர்வம் வற்றுகிற இடம் வகுப்பறை மேசை. 2015இல் மாறிய பாடத்திட்டத்தில், 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ ஆங்கில இலக்கியத் தேர்வுக்கு ஒரு முழு ஷேக்ஸ்பியர் நாடகம் கட்டாயம். தேர்வறைக்குள் புத்தகம் கொண்டுபோக முடியாது. உடனே 'பேராசை', 'குற்ற உணர்ச்சி' என்று தலைப்புப் போட்டு மேற்கோள்களை உருப்போட வைக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காத வரி மனத்தில் எப்படித் தங்கும்? இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் இன்றைய ஆங்கிலம் என்று அச்சிட்ட பதிப்புகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. கண் தானாக வலப்பக்கம் நழுவிவிடும். அரிய சொல்லுக்கு மட்டும் அடிக்குறிப்புத் தரும் பதிப்பு போதும்.

ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர் கையில் முழு நாடகம் இருந்ததில்லை. தன் வசனம், அதற்கு முன்னால் எதிராளி முடிக்கும் கடைசி ஒன்று முதல் மூன்று சொற்கள், அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. அந்தத் தாளுக்குப் பெயர்தான் 'பார்ட்'. அக்கால நடிகர் எட்வர்ட் ஆலின் நடித்த ஆர்லாண்டோ வேடத்துக்கான அப்படிப்பட்ட தாள்கள் லண்டன் டல்லிச் கல்லூரியில் இன்றும் இருக்கின்றன. நம் கம்பெனி நாடகங்களின் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருப்பது அதே 'பார்ட்' என்ற சொல்தான்.

இதை இன்றைக்கும் செய்யலாம். காட்சியைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் அவரவர் வசனத்தை மட்டும் தனித்தாளில் எடுங்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் மேலே, வலது ஓரமாக, முந்தைய பேச்சின் கடைசி மூன்று சொற்கள். அதை யார் பேசுகிறார் என்று எழுதவே கூடாது. பெயர் இருந்தால் நடிகர் அந்த ஆளை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார். பெயர் இல்லாவிட்டால் மேடையிலுள்ள எல்லோரையும் காதால் துரத்துவார். அந்தக் கவனம் வந்துவிட்டால் பாதி இயக்குநர் வேலை முடிந்தது.

'வெனிஸ் வணிகன்' மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியைப் பாருங்கள். (பம்மல் சம்பந்த முதலியார் 'வாணிபுர வணிகன்' ஆக்கிய அதே நாடகம்.) கடன் கொடுத்த ஷைலாக் 'ஹேவ் மை பாண்ட்' (என் பத்திரப்படி எனக்கு வேண்டும்) என்று மறுபடி மறுபடி சொல்லிவிட்டு வெளியேறுகிறான். அதற்கடுத்துப் பேச வேண்டியவன், கடன்பட்ட வணிகன் அன்டோனியோவின் நண்பன். அவன் தாளில் இருக்கும் முன்சொற்களும் 'ஹேவ் மை பாண்ட்'தான். அவன் முதல் தடவையே வாயைத் திறப்பான், ஷைலாக் நிறுத்தாமல் பேசுவான்; அடுத்த தடவையும் திறப்பான், மறுபடி வெட்டுப்படுவான். யாரையும் பேசவிடாத ஷைலாக்கின் வெறி அங்கே தானாகப் பிறக்கிறது. புத்தகத்தை மடியில் வைத்துப் படிப்பவருக்கு இது ஒருநாளும் தெரியாது.

செய்யுளும் அப்படித்தான். சாதாரண வரிக்குப் பத்து அசை, ஐந்து அழுத்தம். நாம் நேர், நிரை பார்க்கும் இடத்தில் ஆங்கிலம் அழுத்தம் பார்க்கிறது. 'மேக்பெத்'தில் கொலை முடிந்த கையோடு கணவனும் மனைவியும் பேசுவது: டிட் நாட் யூ ஸ்பீக்? வென்? நவ். ஆஸ் ஐ டிசெண்டட்? (நீங்கள் பேசவில்லையா? எப்போது? இப்போது. நான் இறங்கி வந்தபோதா?) நான்கு பேச்சும் சேர்ந்து ஒரே ஒரு வரி, கடைசியில் தொங்கும் ஒரு மெல்லசையோடு. அதாவது நடுவில் மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லை. இளம் நடிகர்கள் இங்கேதான் 'உணர்ச்சி' காட்ட நிறுத்தி நிறுத்திப் பேசிக் காட்சியைச் சாகடிக்கிறார்கள். இன்னொரு தவறு, வரியின் கடைசிச் சொல்லில் குரலை விட்டுவிடுவது. பெரும்பாலும் கனமான சொல் அங்கேதான் இருக்கும்.

சொற்களிலும் இரண்டு கண்ணிகள் உண்டு. 'வேர்ஃபோர்' என்றால் 'ஏன்'. அது தெரியாமல் ஜூலியட்கள் நெற்றியில் கைவைத்து ரோமியோ எங்கே என்று இருட்டில் தேடுகிறார்கள். 'நீ ஏன் ரோமியோவாகப் பிறந்தாய்' என்பதல்லவா அவள் கேள்வி! 'தவ்' என்பதோ நம்முடைய 'நீ'. இன்றைய ஆங்கிலப் பிள்ளைகள் பெரும்பாலும் அதை ஜெபத்தில் கேட்டே பழகியதால் பயபக்தியான சொல் என்று நினைத்துவிடுகிறார்கள். 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் சண்டைக்கு இழுக்கும் கடிதத்தில் எதிரியை மூன்று முறை 'தவ்' போட்டு எழுது என்று சர் டோபி யோசனை சொல்வான். நீ, நீங்கள் வேறுபாட்டில் வளர்ந்த நமக்கு அது ஒரு நொடியில் புரியும்.

உச்சரிப்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரச குடும்பத்து ஆங்கிலம் பேசினால்தான் ஷேக்ஸ்பியர் என்ற நினைப்பு பல பிள்ளைகளின் வாயைக் கட்டிவிடுகிறது. அந்த உச்சரிப்பே அவர் இறந்து வெகுகாலம் கழித்து உருவானது. 2004இல் குளோப் அரங்கு பழைய உச்சரிப்பை மீட்டு 'ரோமியோ ஜூலியட்' போட்டது. யார்க்‌ஷயரின் நார்தர்ன் பிராட்சைட்ஸ் குழு 1992 முதல் வட்டார வழக்கிலேயே நடிக்கிறது. வயது பத்தாது என்ற சாக்கும் நிற்காது. 1600 வாக்கில் லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் அரங்கில் நடித்தவர்கள் முழுக்கச் சிறுவர்கள். சிறுவயதிலேயே இறந்துபோன சாலமன் பேவி கிழவர் வேடத்தில் பேர்போனவன். விதியே அவனை நிஜக் கிழவன் என்று ஏமாந்து கொண்டுபோய்விட்டது என்று அக்கால நாடகாசிரியர் பென் ஜான்சன் இரங்கற்பா எழுதினார்.

ஒரு நாடகத்தின் கதை முழுவதையும் அரை மணிக்குச் சுருக்கிப் போட ஆசைப்பட்டால் 'மேக்பெத்'தில் தொடங்குங்கள். சுமார் 2100 வரி. துன்பியல் நாடகங்களில் அதுதான் ஷேக்ஸ்பியரின் மிகச் சிறியது. மேடையில் மணிக்கு ஏறத்தாழ 1000 வரி ஓடும். சண்டை, வருகை, வெளியேற்றம் கழித்தால் அரை மணிக்கு 400 வரி. சூனியக்காரிகளின் தலைவி ஹெக்கட்டி வரும் பகுதிகளை முழுவதுமாக எடுத்துவிடலாம். இங்கிலாந்துக் காட்சியில் இளவரசன் மால்கம், பிரபு மக்டஃபை ஆழம் பார்க்கும் பேச்சு போகட்டும். ராஸ் என்ற பிரபு, மக்டஃபின் குடும்பம் கொலையுண்ட செய்தியோடு நுழையும் இடத்திலிருந்து வையுங்கள். வரியை உங்கள் ஆங்கிலத்தில் மாற்றி எழுதாதீர்கள். வெட்டிய இடத்தில் அரை வரியும் அரை வரியும் சேர்ந்து பத்து அசை வருகிறதா என்று விரல்விட்டு எண்ணுங்கள். வாயில்காப்போன் சிரிப்புக்காக மட்டும் வருகிறான் என்று எண்ணி அவனைத் தூக்கினால் வசமாக மாட்டுவீர்கள். மேக்பெத்தும் மனைவியும் கையில் இரத்தம் கழுவி உடைமாற்ற வேண்டிய நேரம் அது. சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலக்கும்போது சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் விடுங்கள், துணியில் கறை குறையும். உள்ளே மடங்கும் கத்தியை நம்பவே வேண்டாம், ஒருநாள் சிக்கிக்கொள்ளும். மொட்டைக் கத்தி, கைக்கெட்டாத தூரம், கால் பங்கு வேகத்தில் பழக்கம், ஒவ்வொரு காட்சி நாளிலும் திரை எழும் முன் சண்டையை ஒருமுறை நடத்திப் பார்ப்பது. இதில் சலுகையே கிடையாது.

அவ்வளவு வேண்டாம் என்றால் அந்த ஷைலாக் காட்சி போதும். நாற்பது வரிகூட இல்லை, பேசுபவர் மூன்றே பேர். தாளை வெட்டிக் கொடுங்கள், எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். நண்பனாக நடிப்பவரிடம் மட்டும் முன்கூட்டி எதையும் சொல்லிவிடாதீர்கள்.