ஈயக் குண்டுகளால் செலவு குறையுமா?
வீட்டில் வார்த்த ஈயக் குண்டுகளை சுட்டபின் எஞ்சும் வெற்றுத் தோட்டாக் கோதுகளில் பொருத்தி மீள நிரப்பினால் டெசர்ட் ஈகிள் கைத்துப்பாக்கியின் செலவு வெகுவாகக் குறையும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் பின்னுதைப்பினால் இயங்க, ஏறத்தாழ 2 கிலோகிராம் எடையுள்ள இதுவோ குழலிலுள்ள சிறு துளை வழியே எடுக்கும் வாயுவின் அழுத்தத்தால் இயங்குவதால், உறையற்ற ஈயம் சிறிது சிறிதாகப் படிந்து அத்துளையை அடைத்துவிடும். தயாரிப்பாளர் செப்பு உறையிட்ட குண்டுகளையே வலியுறுத்துவது அதனால்தான். வெடிமருந்தைக் குறைத்துச் சிக்கனம் பிடிக்கவும் வழியில்லை, வாயு போதாவிட்டால் அடுத்த தோட்டா ஏறாது. தோட்டாக்கள் எத்தனை வருடமானாலும் கெடாது என்று அக்கட்டுரைக்குக் கருத்தெழுதிய ஒருவர் நுவரெலியாவின் ஈரத்தை அறியாதவர் போலும். காட்டுப்பன்றிக்காக உரிமம் பெற்று 12 போர் (bore, குழலின் அளவு) துவக்கொன்றை வைத்திருந்த என் தந்தையார், தகரப் பெட்டியில் பத்திரப்படுத்திய கடதாசிக் கோதுத் தோட்டாக்கள் மழைக்காலம் முடிவதற்குள் ஊதிப்போய்க் குழலுக்குள் நுழைய மறுத்ததை நான் சிறுவயதில் நேரில் கண்டிருக்கிறேன். அவற்றை அடுப்பின் மேற்பரணில் உலர்த்தலாமா என்று அவர் கேட்டதற்கு அம்மா போட்ட சத்தம், துவக்கு வெடித்திருந்தாலும் அவ்வளவு தூரம் கேட்டிருக்காது.