தேஜஸ் ரெப்ளிகா: முதலில் எடை, கடைசியில் பெயின்ட்

விமானம் கட்டி ஓட்டும் கேமான சிம்பிள்பிளேன்ஸில் போர் விமான ரெப்ளிகா (அசலின் நகல்) கட்டுகிறவர்களோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. பேனல் கோடு, ரிவெட் வரிசை, விமானியின் ஹெல்மெட் வரைக்கும் ஆயிரம் பார்ட்டுக்கு மேல் போட்டுச் செதுக்குகிறீர்கள். ஓட்டினால் தரையை ஒட்டியே மணிக்கு 3,000 கிலோமீட்டர் போகிறது, ஸ்டிக்கை இழுத்தால் நின்ற இடத்தில் குட்டிக்கரணம் அடிக்கிறது. அதை ஷோகேஸில் வைக்கலாம், ரெப்ளிகா என்று சொல்லாதீர்கள்.

சூலூரில் நிற்கிற தேஜஸ் மார்க் 1-ஐயே எடுத்துக்கொள்வோம். நீளம் 13.2 மீட்டர், இறக்கை அகலம் 8.2, இறக்கைப் பரப்பு 38.4 சதுர மீட்டர், வெற்று எடை சுமார் 6,560 கிலோ. மூன்று பக்க வரைபடத்தை புளூபிரிண்டாக ஏற்றும் முன் நீளத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். 1.61 வரவில்லை என்றால் அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்கள். விமானக் கண்காட்சியில் எடுத்த போட்டோவை வைத்துக் கட்டவே கட்டாதீர்கள். லென்ஸ் மூக்கை நீட்டிவிடும்.

இறக்கையில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இரட்டைச் சாய்வு டெல்டா (முன்விளிம்பு இரண்டு கோணத்தில் சாயும் முக்கோண இறக்கை) என்றதும் உள்பக்கம் அதிகச் சாய்வு, வெளிப்பக்கம் குறைவு என்று கை தானாகப் போட்டுவிடுகிறது. தேஜஸில் நேர்மாறு: உடலை ஒட்டி 50 டிகிரி, வெளியே 62.5. இது தப்பினால் எத்தனை பேனல் ஒட்டினாலும் தேஜஸ் முகம் வராது.

கண்ணுக்குத் தெரியும் இறக்கையை ஃபியூஸ்லாஜ் (உடற்பகுதி) பிளாக்கில் மெல்லிசாகச் செய்துவிட்டு, தூக்குவிசை தரும் அசல் விங் பார்ட்டை அதற்குள் ஒளித்து வைப்பது வழக்கம். நல்ல முறைதான். ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு விங்கை அடுக்கினால் பரப்பு 150 சதுர மீட்டரைத் தாண்டும். விமானம் காற்றாடி மாதிரி திரும்புவதற்கு இதுதான் காரணம். டிசைனர் (கட்டும் திரை) காட்டும் விங் ஏரியா 38-ஐ ஒட்டி இருக்கட்டும். ஏர்ஃபாயில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்) சிமெட்ரிக். செமி சிமெட்ரிக் வைத்தால் வேகம் கூடக் கூட மூக்கின் நிலை தானாக மாறும், அதைச் சமன்செய்யும் டிரிம்மோடு மல்லுக்கட்டியே பொழுது போகும்.

அடுத்து எடை. அலங்கார பார்ட் எல்லாவற்றுக்கும் மாஸ் ஸ்கேல் (எடைப் பெருக்கி) பூஜ்யம், டிராக் (காற்றுத் தடை) கணக்கீடு ஆஃப். ஆனால் ரொட்டேட்டருக்கு (சுழலும் மூட்டு) அப்பால் தொங்கும் பார்ட்டுகளுக்குப் பூஜ்யம் கூடாது. கனமான உடலோடு எடையே இல்லாத துண்டை மூட்டினால் இயற்பியல் இன்ஜின் திணறும். லேண்டிங் கியர் கதவு கிடுகிடுவென்று நடுங்குவது அதனால்தான். மொத்த எடையை உடலின் நடுவில் உள்ள ஒரு பெரிய பிளாக்கில் ஏற்றி, எரிபொருளை எடை மையத்திலேயே வையுங்கள். டாங்க் பின்னால் இருந்தால் அது காலியாகக் காலியாக மையம் முன்னே நகரும்.

தேஜஸின் எஃப்404 இன்ஜின் தரும் உந்துவிசை ஆஃப்டர்பர்னரோடு (கூடுதல் எரிபொருள் எரித்து) சுமார் 85 கிலோநியூட்டன், இல்லாமல் சுமார் 54. மறைவாக இரண்டு இன்ஜின் வைத்து ஒன்றுக்கு 54, மற்றதற்கு 31 கொடுங்கள். இரண்டாவது த்ராட்டில் 0.85-ஐத் தாண்டினால் மட்டும் எரியட்டும். முழு டாங்கோடு விமானம் சுமார் 9 டன். அதாவது உந்துவிசை எடையைவிடக் கொஞ்சம் குறைவு. நேர் செங்குத்தாக ஏறிக்கொண்டே வேகம் பிடித்தால் எங்கோ கணக்கு பிசகியிருக்கிறது. பிறகு ஒரே ஒரு பிளாக்கின் டிராக் ஸ்கேலை மட்டும் திருகி, 11 கிலோமீட்டர் உயரத்தில் உச்ச வேகத்தை மாக் 1.6-க்குக் (ஒலியின் வேகத்தைப் போல் 1.6 மடங்கு) கொண்டுவாருங்கள். அங்கே அது மணிக்கு 1,700 கிலோமீட்டர்.

கட்டுப்பாடுதான் சுவாரஸ்யமான இடம். கிடைமட்ட வால் இறக்கை கிடையாது; மூக்கை ஏற்றி இறக்குவது (பிட்ச்), பக்கவாட்டில் உருட்டுவது (ரோல்) இரண்டுக்கும் இறக்கையின் பின்விளிம்பில் உள்ள எலவான் மட்டும். ஒரு பக்கத்துக்குக் கிளாம்ப்(பிட்ச் + ரோல், -1, 1), அதாவது கூட்டலை -1-க்கும் 1-க்கும் இடையில் நிறுத்துவது; மறுபக்கத்துக்கு பிட்ச் - ரோல். அசல் தேஜஸ் வேண்டுமென்றே நிலைத்தன்மை குறைத்துச் செய்தது. கணினிதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேமில் அதைக் காப்பியடிக்க அவசரப்படாதீர்கள். தூக்குவிசை மையம் எடை மையத்துக்கு ஓர் அரையடி, முக்காலடி பின்னால் இருக்க ஆரம்பியுங்கள். பிறகு பிட்ச் இடத்தில் பிஐடி (இலக்குக்கும் நடப்புக்கும் உள்ள பிழையைத் திருத்தும் கணக்கு): இலக்கு பிட்ச் × 20, நடப்பு மதிப்பு பிட்ச்ரேட் (மூக்கு ஏறி இறங்கும் வேகம்), பி 0.05, ஐ பூஜ்யம், டி 0.01 அளவில் தொடங்கலாம். மூக்கு படபடத்தால் பி-யைக் குறையுங்கள். ஸ்டிக்குக்கு எதிர்ப்பக்கம் பாய்ந்தால் குறி தலைகீழ். பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும் ஐ-க்கு மதிப்பு கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஓடுபாதையில் அது வேலை செய்யாதபடி வேக நிபந்தனை போடுங்கள். நிற்கும்போதே பிழை சேர்ந்து சேர்ந்து, தரையை விட்ட நொடியில் எலவான் முழுசாக மடங்கிக் கிடக்கும்.

பின்சக்கரம் எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால் மட்டும். ரொம்பத் தள்ளிப் போனால், நெம்புகோல் தூரம் குறைவான எலவானால் மூக்கைத் தூக்கவே முடியாது, ஓடுபாதைதான் தீரும். முன்னால் வந்தால் நிற்கும்போதே பின்புறம் உட்காரும்.

இத்தனையும் 250 பார்ட்டுக்குள் முடியும், நடுத்தர விலை போனிலும் ஓடும். மிச்சமிருந்தால் பேனல் கோடு போடுங்கள். வட்டச் சின்னத்துக்கும் எண்ணுக்கும் லேபிள் பார்ட்டே போதும், பிளாக்கில் செதுக்க வேண்டாம்.