எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

மாசி பிறந்துவிட்டது, இலங்கை மலையகத்தில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றப் போகிறார்கள் என்று நேற்று தம்பி போனில் சொன்னான். அப்போதிலிருந்து ஒரு பழைய கொப்பி, அதாவது நோட்டுப் புத்தகம், ஞாபகமாகவே இருக்கிறது.

ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும்போது வரலாற்றுப் பாடத்துக்கு முன்னோர்களைப் பற்றி ஒரு ஒப்படை. கொப்பியும் பேனையுமாக அம்மாயியிடம், அம்மாவின் அம்மாவிடம், போய் உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் கஷ்டம். இந்தியாவிலிருந்து வந்த சனம் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியாக நடந்தது, வழியில் காலராவில் செத்தது, காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குப் பிந்தியவர்களைத் திருப்பி அனுப்பியது, இப்படி. அம்மாயி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே வேறு கதை சொன்னார்.

"காமன் கூத்துல ரதி வேசம் கட்டுனது ஒங்க தாத்தாதான். மன்மதன எரிச்சப்புறம் அது அழுதிச்சு பாரு, எனக்குத் தாங்கல. கட்டுனா இந்த ஆளத்தான்னு அன்னைக்கே நெனச்சிட்டேன்."

சேலை கட்டி, மை தீட்டி, ஒப்பாரி வைத்த ஆம்பிளையிடம் மனசைக் கொடுத்திருக்கிறார் என் அம்மாயி! நான் அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. வரலாறு இல்லை என்று நினைத்தேன்.

பிறகு, தேயிலைக்கு முன்னால் தோட்டங்களில் கோப்பி (காப்பி) பயிரிட்ட காலத்தைப் பற்றிப் படித்தபோது மார்ஷல் வார்ட் என்பவரைத் தெரிந்துகொண்டேன். 1869இல் இங்கே கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அதை ஆராய 1880இல் வந்த இளம் விஞ்ஞானி அவர். நோயைத் தரும் பூஞ்சையின் வித்துகள் காற்றில் போகின்றன, மலைக்கு மலை ஒரே பயிராக நட்டால் பரவத்தான் செய்யும் என்று கண்டுபிடித்துச் சொன்னார். தோட்டத் துரைமாருக்கு ஏமாற்றம். அவர்கள் கேட்டது மருந்து, அவர் கொடுத்தது காரணம். அப்புறம் கோப்பி போய்த் தேயிலை வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அந்தத் துரைமாரைப் படித்துச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் என் கொப்பி ஞாபகம் வந்தது. நானும் வேண்டிய பதிலை முன்னமே முடிவு செய்துகொண்டு போய் உட்கார்ந்தவன்தானே.

எங்கள் சனம் மலையகத்துக்கு வந்து 200 வருடம் என்று 2023இல் முகநூல் முழுக்க எழுதினோம். நானும் எழுதினேன். எழுதியது அத்தனையும் உண்மை. ஆனால் நான் படித்த பதிவுகளில் நடந்தார்கள், உழைத்தார்கள், செத்தார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரித்ததாக இல்லை. பசியோடு கடல் தாண்டி வந்த சனம், மூட்டை முடிச்சோடு மன்மதனையும் ரதியையும் ஏன் தூக்கிக்கொண்டு வந்தது என்று நாம் கேட்பதே இல்லை.

காமன் கூத்தில், மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று விடிய விடிய லாவணி என்ற போட்டிப் பாட்டுப் பாடுவார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி. எதிர்க்கட்சி பாடி முடிக்கும்வரை காது கொடுத்துக் கேட்டால்தான் பதில் பாட முடியும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பெரியவர்களுக்கு அந்தப் பொறுமை இருந்தது. நம் கமெண்ட் பெட்டியில் இரண்டாவது வரிக்கே வசவு வந்துவிடுகிறது.

சரி, அம்மாயியின் விட்ட கதைக்கு வருகிறேன். தோட்டத்துச் சனம் எந்த நாட்டுப் பிரஜை என்று முடிவு செய்து, 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அம்மாயி வீட்டார் இந்தியாவுக்கு மனுப் போட்டார்கள், தாத்தா வீட்டார் இலங்கைக்கு. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவசரமாகத் தாலி கட்டியது அதனால்தான். அம்மாயியின் அக்கா மட்டும் ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறி இந்தியாவுக்குப் போனவர். அழுகைக் கோச்சி என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். பிறகு அக்காவும் தங்கையும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

இதையும் அம்மாயி அன்றைக்கே, அதே மூச்சில் சொன்னார். ரதி வேசக் கதை தொடங்கியதுமே நான் கொப்பியை மூடிவிட்டதால் இதுவும் எழுதாமல் போனது. ஒப்படைக்கு நல்ல மார்க்ஸ் கிடைத்தது.

இந்த முறை ரதி வேசம் யாருக்கு என்று தம்பியிடம் கேட்டேன். கொழும்பில் புடவைக் கடையில் நிற்கும் பொடியன் ஒருவன் லீவு சொல்லிவிட்டு வருகிறானாம். இப்போதே விரதம் பிடிக்கிறானாம்.