பத்துப் பாகைக்கு இரட்டிப்பு என்பது சட்டமல்ல

"10 பாகை கூடினால் எந்த இரசாயனத் தாக்கத்தின் வேகமும் இரட்டிப்பாகும், வெயில் செய்வதும் அந்தச் சூட்டு வேலைதான்" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இரண்டுமே பிழை. வன்னியில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும் இதை வாசிப்பதால் திருத்துகிறேன்.

இரட்டிப்புக் கணக்கு ஏவற்சக்தி (தாக்கம் நடக்க மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய சக்தித் தடை) மூலுக்கு ஏறக்குறைய 50 கிலோயூல் உள்ள தாக்கத்துக்கு, அறை வெப்பநிலைக்கு அண்மையில் மட்டும் சரி. வெப்பநிலையையும் தாக்க வேகத்தையும் இணைத்து இரசாயனவியலாளர் அரீனியஸ் 1889இல் தந்த சமன்பாட்டில் 25 பாகையிலிருந்து 35க்குப் போட்டுப் பாருங்கள்: 100 கிலோயூல் என்றால் கிட்டத்தட்ட 3.7 மடங்கு, 20 என்றால் 1.3 மடங்குதான். நைதரசன் ஓரொட்சைட்டு ஒட்சிசனோடு சேரும் தாக்கம் சூடாக்கினால் மெதுவாகிறது! தயிரும் சூடு கூடக் கூட வேகமாக உறைவதில்லை, 40 பாகையளவில்தான் நன்றாக உறையும். கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் பக்டீரியா செத்துவிடும்.

அப்புறம் வெயில். கொடியில் காயும் சாரம் வெளிறுவது பெரும்பாலும் புறஊதா ஒளியால். அதே சூட்டில் இருட்டு அறையில் போட்டால் அவ்வளவு வெளிறாது. ஒளித்துணிக்கை ஒன்றே பிணைப்பை உடைக்கப் போதுமான சக்தியைக் கொண்டுவருகிறது, மூலக்கூறு சூட்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

வீட்டுச் சோலார் பற்றரியைப் பாருங்கள். இறங்கிய ஈய பற்றரியை அடுப்பருகில் எவ்வளவு நேரம் வைத்தாலும் ஏறாது. வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்தால்தான் தாக்கம் எதிர்த்திசையில் ஓடும். சூடு வேகத்தை மாற்றும். தானாக நடக்காததைத் தள்ளி நடத்துவது அந்த மின்சாரம். அதைச் சூட்டோடு சேர்த்து ஒரே கணக்கில் எழுதாதீர்கள் தம்பி.